முதலில் நிற்கட்டும்: பழைய ஜீப் பிக்கப் ஒன்றைப் புதுப்பித்ததில் கிடைத்த பாடங்கள்

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடத்தும்போது பாஸ்கல் விதிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு வாகனங்களின் பிரேக். மாணவர்கள் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால், "பிரேக் மிதி சில நேரம் பஞ்சுபோல உள்ளே போகிறதே, ஏன்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். என் வகுப்பில் ஒருமுறை அந்த அமைதியை ஒரு மாணவன் கலைத்தான். "லைன்ல ஏர் புடிச்சிருக்கும் டீச்சர். ஏர் எடுத்தா சரியாயிரும்" என்றான். விடுமுறை நாள்களில் தன் மாமாவின் பட்டறைக்குப் போய்வருபவன் அவன். அந்தப் பருவத் தேர்வில் அவன் விடைத்தாளில் பாஸ்கல் விதி கேட்ட வினாவுக்கு எதிரே வெற்றிடம்தான் இருந்தது.

விதியை எழுதத் தெரிந்தவர்களுக்கு வண்டி தெரியவில்லை. வண்டி தெரிந்தவனுக்கு விதியின் பெயர் தெரியவில்லை. இந்த இரண்டையும் இணைக்க ஒரு பழைய வண்டி எனக்கு உதவியது. அதை வீட்டில் புதுப்பித்த வேலையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுபோன செயல்பாடுகளையும் கணக்குகளையும் இக்கட்டுரையில் தொகுத்திருக்கிறேன்.

வண்டியும் அதன் வரலாறும்

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள்களை மலையேற்றிச் செல்வது இன்றும் ஜீப்புகள்தாம். என் மாமனார் வைத்திருந்ததும் ஒரு பெட்ரோல் ஜீப். 1950-களின் பிற்பகுதியில் பதிவானது. பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி கொண்டது. பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்ட அந்த வண்டியை, எங்கள் தெருவிலேயே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனின் துணையோடு வீட்டு முற்றத்தில் வைத்துச் சரிசெய்தோம்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இந்த வண்டியில் ஒரு பாடம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் லட்சக்கணக்கில் செய்த சிறு வாகனம்தான் ஜீப். போர் முடிந்ததும் அதுவே உழவுக்கும் சரக்குக்கும் உரிய வண்டியாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து மும்பையில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் இங்கேயே உற்பத்தியும் செய்தது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் பிரசார ஜீப் என நம் பெற்றோர் தலைமுறையின் நினைவில் நிற்கும் வண்டி அது. போருக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள் சிற்றூரின் அன்றாட வாழ்வுக்குள் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னால், மாணவர்கள் சுவையான செய்திகளோடு வருவார்கள்.

வேலையின் வரிசை

பழைய வண்டியைப் புதுப்பிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில் கை வைப்பார்கள்: பெயின்ட், இருக்கை, விளக்கு. எங்கள் வீட்டிலும் முதல் பேச்சு நிறத்தைப் பற்றியே இருந்தது. அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். "டீச்சர், மொத இது நிக்கட்டும். அப்புறம் ஓடட்டும். அழகு கடைசியா பாத்துக்கலாம்."

அதன்படி நாங்கள் வகுத்த வரிசை இது: முதலில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும். அடுத்து மின்சுற்றும் விளக்குகளும். மூன்றாவதாக எரிபொருள் குழாய்களும் எஞ்சினும். நான்காவதாகத் துரு நீக்கமும் தகர வேலையும். இறுதியில் பெயின்ட். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பாகத்தை மாற்றும் முன் மூன்று கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினோம். இது என்ன வேலை செய்கிறது? இப்போது அந்த வேலையைச் செய்கிறதா? எப்படிச் சோதித்தோம்? மூன்றாவது கேள்விக்கு விடை எழுத முடியாத பாகத்தை நாங்கள் கழற்றவில்லை. அறிவியல் செய்முறைக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். எட்டாம் வகுப்பிலிருந்து மேலே எந்த ஆய்வக வேலைக்கும் இந்த நோட்டு முறையைப் பயன்படுத்தலாம்.

பிரேக்: விதி வேலை செய்யும் இடம்

இந்த ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் நகர்கிறது. அங்கே உண்டாகும் அழுத்தம் பிரேக் ஆயில் வழியே ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போகிறது. அந்தச் சிலிண்டரின் பிஸ்டன்கள் பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன.

கணக்குக்கு எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் மிதியில் 200 நியூட்டன் விசை கொடுக்கிறார். மிதி ஒரு நெம்புகோல். அதன் நெம்பு விகிதம் 6 எனக் கொண்டால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் 1200 நியூட்டன் விசை விழும். பிஸ்டனின் விட்டம் 1 அங்குலம், அதாவது 2.54 செ.மீ. பரப்பு ஏறத்தாழ 5 சதுர செ.மீ. எனவே அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 240 நியூட்டன். முன்சக்கர வீல் சிலிண்டரின் விட்டமும் 1 அங்குலம் என்றால் ஒவ்வொரு பிஸ்டனிலும் 1200 நியூட்டன் கிடைக்கும். பின்சக்கரத்தில் விட்டம் முக்கால் அங்குலம், பரப்பு 2.85 சதுர செ.மீ.; விசை 684 நியூட்டன் மட்டுமே.

இங்கே மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: "அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, விசை மட்டும் ஏன் குறைகிறது?" பரப்பு குறைவதால்தான். "அப்படியென்றால் பின்சக்கரத்துக்கு ஏன் வேண்டுமென்றே சிறிய சிலிண்டர்?" என்று அடுத்த கேள்வி வரும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. பேருந்தில் நிற்பவர் முன்னால் தள்ளப்படுவதை அவர்கள் அறிவார்கள். பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் அவற்றை முன்சக்கரம் அளவுக்கு இறுக்கினால் அவை சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஒரு சிலிண்டரின் விட்டத்துக்குள் பாஸ்கல் விதியும் நிலைமமும் உராய்வும் சேர்ந்திருக்கின்றன.

வகுப்பறைச் செயல்பாடு: 5 மி.லி., 20 மி.லி. அளவுள்ள ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணைத்து, முழுவதும் நீர் நிரப்புங்கள். சிறியதை ஒரு மாணவரும் பெரியதை ஒரு மாணவரும் அழுத்திப் பார்க்கட்டும். சிறியதை அழுத்துபவர் எளிதில் வெல்வார். ஆனால் அவர் நீண்ட தூரம் தள்ள வேண்டியிருக்கும். அடுத்து குழாயில் கொஞ்சம் காற்றைப் புகவிட்டு மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். கை உள்ளே போகும், மறுமுனை உடனே அசையாது. திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். பட்டறையில் சொல்லும் "ஏர் எடுக்கிறது" என்ற வேலை, குழாயில் சிக்கிய அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான்.

பிரேக்கில் நாங்கள் செய்த மேம்பாடு ஒன்றே ஒன்று. பழைய அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்று. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனிச் சுற்றுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினோம். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். ரப்பர் கப்புகள், குழாய்கள், லைனிங் யாவும் புதிதாக மாற்றப்பட்டன.

பிரேக் ஆயிலை "ஆயில்" என்று அழைத்தாலும் அது எஞ்சின் ஆயிலைப் போன்றதன்று. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் அடிப்படையிலானவை. எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140 டிகிரி. சூடான பிரேக்கில் திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். சிரிஞ்சில் காற்று செய்ததையே அது மலைப்பாதையில் செய்யும்.

எவ்வளவு சூடு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சரக்கோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.08 லட்சம் ஜூல். அதே வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 147 லட்சம் ஜூல். அதாவது, பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்குவது 60 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 70 முறை நிறுத்துவதற்குச் சமம். அத்தனையும் வெப்பமாக மாறும். மலையிறங்கும்போது சிறிய கியரில் வா என்று ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுதான். எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் அன்றாடம் அந்தப் பாதையில் இறங்குகிறவர்கள். வீட்டில் போய்ச் சொல்லத்தக்க ஒரு கணக்காக மாணவர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதவோ காற்றழுத்தக் குழாயால் அடிக்கவோ கூடாது. முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பட்டறைக்குப் போய்வரும் மாணவர்களுக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

வண்டியில் இருந்தது 6 வோல்ட் அமைப்பு. முகப்பு விளக்கின் ஒளி மங்கலாக, மஞ்சளாக விழும். அதை 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். இதன் பயன் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு நேரடியான கணக்கு.

45 வாட் விளக்கு ஒன்று 6 வோல்ட்டில் எரிய 7.5 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் போதும். விளக்குக்குப் போகும் கம்பியின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிலையில் கம்பியில் இழக்கும் மின்னழுத்தம் 0.75 வோல்ட், இரண்டாவதில் 0.375 வோல்ட். ஆறில் 0.75 போவதற்கும் பன்னிரண்டில் 0.375 போவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சதவீதமாக்கச் சொல்லுங்கள். 12.5 சதவீதமும் 3.1 சதவீதமும் வரும். கம்பியில் வீணாகும் திறன் 5.6 வாட்டிலிருந்து 1.4 வாட்டாக, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்னோட்டம் பாதியானால் வெப்ப இழப்பு ஏன் பாதியாகாமல் கால்பங்காகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். மின்சாரத்தைத் தொலைதூரத்துக்கு உயர் மின்னழுத்தத்தில் அனுப்புவதும் இதே காரணத்தால்தான்.

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், வைப்பர் மோட்டார், செல்ஃப் மோட்டார் எல்லாம் 12 வோல்ட்டுக்கு உரியனவாக இருக்க வேண்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் அது பேட்டரிக்கு மின்னேற்றும். எண்ணெய் மானி போன்ற சிறு கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவியைச் சேர்த்தோம். துணியுறை பொடிந்துபோன பழைய ஒயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஃபியூஸ் வைக்கப்பட்டது.

சோதிக்கும் வேலையைச் செய்துகாட்ட மல்ட்டிமீட்டரை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பேட்டரி, சுவிட்ச், பல்பு ஆகியவற்றை மேசையில் பரப்பி, ஓர் இணைப்பில் துருப்பிடித்த ஆணியைச் செருகினேன். பல்பு மங்கியது. பிழை எங்கே என்று ஒவ்வொரு பகுதியாக மின்னழுத்தம் அளந்து கண்டுபிடிப்பது குழுப்பணி. விதியை ஒப்பிப்பதைவிட இந்தத் தேடல் அதிகம் கற்றுத்தரும்.

துரு: வேதியியல் முற்றத்துக்கு வந்தது

சரக்குத் தொட்டியின் அடித்தகடும் கதவுகளின் கீழ்விளிம்பும் அரித்துப் போயிருந்தன. சேற்றுநீர் தேங்கி வெளியேற வழியில்லாத இடங்களில்தான் துரு மிகுதி. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாகும் என்ற பாடத்தை வண்டியின் வரைபடத்தில் குறித்துக் காட்டலாம். "எந்த இடம் முதலில் அரித்திருக்கும்?" என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லி, பிறகு புகைப்படங்களைக் காட்டினேன். கூரை என்றும் பானட் என்றும் சொன்னவர்கள் அதிகம். மழை விழும் இடத்தைவிட மழைநீர் தங்கும் இடமே அரிக்கும் என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

சிறிய பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கினோம். பிளாஸ்டிக் வாளியில் நீர்; ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து 12 வோல்ட் பேட்டரி சார்ஜரால் மின்சாரம் செலுத்தினால் சில மணி நேரத்தில் துரு இளகிவிடும். பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும். முனைகளை மாற்றி இணைத்தால் காக்க வேண்டிய பாகமே கரையும். நேர்முனை, எதிர்முனை வேதிவினைகளைக் கற்பிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இதை ஆசிரியர் மட்டுமே செய்துகாட்ட வேண்டும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்பே வாளியில் கை வைக்கலாம். சலவை சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வரும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் நச்சான குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். இரண்டும் கூடவே கூடாது.

இறுகிப்போன நட்டுகளுக்கு வேறொரு பாடம். மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டும் கழலாதவற்றை அண்ணன் சூடுகாட்டிக் கழற்றினார். சூடு காட்டியது நட்டுக்குத்தான், போல்ட்டுக்கு அன்று. நட்டு விரிந்தால் அதன் துளையும் விரியும், மரை தளரும். "சூடாக்கினால் துளை சிறுக்குமா, பெருக்குமா?" என்ற கேள்வியை எட்டாம் வகுப்பில் கேட்டுப்பாருங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும்.

எஞ்சினும் கியரும்: கணக்கு ஆசிரியருக்கு

இந்த ஜீப்பின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 79.4 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 111.1 மி.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரத்தை மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆரம் 3.97 செ.மீ., உயரம் 11.11 செ.மீ., 3.14 என்ற மதிப்பு. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 550 கன செ.மீ.; நான்குக்கும் சேர்த்து 2199. "சி.சி." என்று இருசக்கர வாகன விளம்பரங்களில் பார்க்கும் எண் இதுதான் என்று தெரிந்ததும் எல்லாரும் தங்கள் வீட்டு வண்டியின் எண்ணைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது விகிதப் பெருக்கல். முதல் கியரின் விகிதம் 2.798; மலையேற்றத்துக்கான துணைக் கியர் பெட்டியில் 2.46, ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் எனில், எஞ்சின் நிமிடத்துக்கு 1000 முறை சுழலும்போது வண்டி மணிக்கு 3.6 கி.மீ. வேகத்தில் போகும். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. வேகம் குறைந்த விகிதத்துக்குத் திருப்புவிசை கூடுகிறது. மிதியின் நெம்புகோலும் சிரிஞ்சும் சொன்னதையே பற்சக்கரமும் சொல்கிறது.

எஞ்சினுக்கு வெளியே ஒரு மாற்றம் இன்றைய பெட்ரோலுக்காகச் செய்ய வேண்டியதாயிற்று. இப்போது விற்கப்படும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் பழைய வகை ரப்பர் குழாய்களையும் பம்பின் ரப்பர் தகட்டையும் கெடுக்கக்கூடியது, ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் பொருத்தினோம். கார்பன் சேர்மங்கள் பாடத்தில் எத்தனாலின் பயன்களைப் பட்டியலிடும்போது இந்தச் செய்தியையும் சேர்க்கலாம்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது

பழைய வண்டியை மேம்படுத்தும் எவருக்கும் இந்தக் கேள்வி வரும். எங்கள் வீட்டிலும் டீசல் எஞ்சின் போடலாம், பின்புறத்தை மூடிவிடலாம் என்று யோசனைகள் வந்தன. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும்.

பழம்பெரும் வாகனங்களுக்கென 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, சொந்தப் பயன்பாட்டுக்குரிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குள் வரும். சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே.

எங்கள் முடிவு: சேஸ், எஞ்சின், உடற்கூடு மூன்றையும் தொடவில்லை. உயிரைக் காக்கும் பாகங்களில் மட்டும் மேம்பாடு. இரட்டை பிரேக் சுற்று, 12 வோல்ட் விளக்குகள், ஃபியூஸ், இருக்கைப் பட்டை. மூன்று முனை இருக்கைப் பட்டையை வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தது 1959-இல்தான். எங்கள் வண்டி அதற்கும் முந்தியது.

"பழமையை அப்படியே காப்பதா, பாதுகாப்புக்காக மாற்றுவதா?" என்ற தலைப்பில் ஒன்பதாம் வகுப்பில் விவாதம் நடத்தினேன். ஊரில் உள்ள பழைய கட்டடங்கள், கிணறுகள் வரை பேச்சு போனது. தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் இணைந்து நடத்த ஏற்ற தலைப்பு.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு காந்தம் போதும். பழைய வண்டிகளில் நசுங்கிய இடத்தைப் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். தகடு உள்ள இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் ஒட்டாது. ஒரு தகரத் துண்டின் பாதியில் தடிமனான மெழுகோ களிமண்ணோ பூசி, காகிதத்தால் மூடிக் கொடுங்கள். "உள்ளே எங்கே இரும்பு இருக்கிறது?" என்று காந்தத்தால் தேடட்டும்.

இன்னொன்று வகைப்படுத்துதல். கழற்றிய நட்டு, போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு, எந்தப் பாகத்துக்குரியவை என்று சீட்டு எழுதி வைத்தோம். அதே முட்டை அட்டையில் கலந்து கொட்டிய நட்டுகளை அளவு, நீளம், மரையின் நெருக்கம் எனப் பிரித்தடுக்கும் விளையாட்டுக்குச் செலவே இல்லை.

பட்டறைச் சொல், பாடச் சொல்

தொடக்கத்தில் குறிப்பிட்ட மாணவனுக்கு வருகிறேன். அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து இரண்டு பத்தி போடச் சொன்னேன். இடப்பக்கம் பட்டறையில் சொல்லும் சொல், வலப்பக்கம் பாடநூலில் உள்ள சொல். "ஏர் எடுக்கிறது: குழாயிலுள்ள வாயுவை நீக்குதல், பாஸ்கல் விதி." "லைட் டிம் அடிக்குது: மின்தடை மிகுதி, மின்னழுத்த இழப்பு, ஓம் விதி." "லோடு கியர்: விகிதம் கூடுதல், திருப்புவிசை கூடுதல்." முதலில் அவன் மட்டும் எழுதினான். பிறகு தையல் தெரிந்த மாணவி ஒருத்தி தையல் இயந்திரச் சொற்களோடு வந்தாள். மோட்டார் பம்பு, கதிரடிக்கும் இயந்திரம் என்று மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் அறிவியல் தாளில் வெற்றிடம் விடுவது நின்றது. தனக்குத் தெரிந்ததைப் பள்ளியும் அறிவு என்று ஏற்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. பத்தாம் வகுப்பை முடித்து இப்போது ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் தொழிற்பிரிவில் படிக்கிறான். பட்டறைக்குப் போய்வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புக்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு என்று வழிகள் உள்ளன. அந்த வழிகளுக்குள் நுழையப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெரும்பாலும் தேவை. அதுவரை அவர்களைப் பள்ளியில் தக்கவைப்பது நம் பொறுப்பு.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

வீட்டில் பழைய வண்டி இருக்க வேண்டிய தேவையில்லை. அருகிலுள்ள பட்டறையில் கேட்டால் பயன்முடிந்த வீல் சிலிண்டர், பிஸ்டன், பற்சக்கரம், பிரேக் ஷூ போன்றவை கிடைக்கும். நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, கூர்முனைகளைத் தேய்த்து வகுப்புக்குக் கொண்டுவரலாம். பிரேக் ஷூவில் லைனிங் ஒட்டியிருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பாகங்களைத்தான் வகுப்புக்குக் கொண்டுசென்றேன். மாணவர்கள் ஒருநாள், பெற்றோர் ஒப்புதலோடு, வண்டியைப் பார்க்க வந்தார்கள். அன்று வண்டி தரையில் நின்றது. சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருந்தது. தூக்கி நிறுத்திய வண்டிக்கு அருகில் மாணவர்களை எக்காரணம் கொண்டும் அனுமதிக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிப் பெரியவர்களும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தாங்கிகள் வைத்த பிறகே போக வேண்டும்.

பட்டறைக்காரரை ஒரு பாடவேளைக்கு வகுப்புக்கு அழையுங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் வந்த அன்று, பழைய மாஸ்டர் சிலிண்டரை மேசைமேல் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாக விளக்கினார். கரும்பலகையில் நான் சூத்திரத்தை எழுதினேன். மாணவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவரும் பாதிக்கு நானும் விடை சொன்னோம். அடுத்த பருவத்தில் அவர் கியர் பெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.